மவுசரில் அழிந்த நம்பர்

பாப்பா,

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனில் நீ கேட்டதற்கு "சரிம்மா" என்று சொன்னேன். அந்தச் சரியை இந்தக் கடிதத்தில் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். சப் இன்ஸ்பெக்டர் வேலைக்கான ஆர்டர் உன் கைக்கு வரும்வரை, உன்னைப் பற்றிய போலீஸ் விசாரணை முடியும்வரை, நான் வாயைத் திறக்கக் கூடாது என்றாய். இரண்டே மாதம்தானே அப்பா என்றாய். உன்னால் இரண்டு மாதம் பொறுக்க முடியும், என்னாலும் முடியும். வேலுச்சாமியால் முடியாது. நாளை திங்கட்கிழமை காலை நான் ஸ்டேஷனுக்குப் போய், அந்த ஜெர்மன் துப்பாக்கியின் நம்பரை அழித்தது நான்தான் என்று சொல்லப்போகிறேன். நீ கோபப்படுவாய். படு, உனக்கு அதற்கு உரிமை இருக்கிறது. ஆனால் எல்லாம் தெரிந்துகொண்டு கோபப்படு என்பதற்காகத்தான் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். உனக்குத் தெரிந்தது பாதி. மீதியை உன் அம்மாவிடமே நேற்றுத்தான் சொன்னேன்.

இந்தப் பழந்துப்பாக்கிப் பைத்தியம் எனக்கு எங்கே பிடித்தது என்று சின்ன வயதில் நீ கேட்டதுண்டு. அப்போது ஏதாவது கதை கட்டிச் சொல்லியிருப்பேன். உண்மை ரொம்பச் சாதாரணமானது. மில்லில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தபோது என்னைப் பஞ்சு சீவுகிற ஒரு பழைய ஜெர்மன் மிஷினில் போட்டார்கள். அதைப் பிரித்தால் ஒவ்வொரு பல்சக்கரத்திலும் ஒவ்வொரு மூடியிலும் ஒரே நம்பரைப் பொடியாகக் குத்தியிருப்பான். எது எதனோடு சேர வேண்டும் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. பல வருஷம் கழித்து, பட்டாளத்தில் சுபேதாராக இருந்து வந்த என் பெரியப்பா தன் பழைய மவுசர் துப்பாக்கியை முறைப்படி என் லைசென்ஸுக்கு மாற்றிக் கொடுத்தார். ஜெர்மன் ராணுவத்துக்காகச் செய்தது, எந்தச் சண்டையில் யார் கையிலிருந்து யார் கைக்குப் போய் இங்கே வந்ததோ தெரியாது. பெரியப்பா அதைப் பாயில் பிரித்து வைத்தார். குழாய்க்கு அடியில் முழு நம்பர், மற்ற பாகங்களில் அதன் கடைசி இரண்டு எண், ஒரு திருகாணியின் தலையில்கூட அதே இரண்டு எண். எனக்குக் கண் கலங்கிவிட்டது என்று சொன்னால் நீ சிரிப்பாய். உன் அம்மா அன்றைக்கே சிரித்தாள். நான் ஒரு குருவியைக்கூடச் சுட்டவன் இல்லை. என் லைசென்ஸ் புத்தகத்தில் தோட்டா வாங்கியதை எழுதும் பக்கம் இன்றுவரை வெறும் பக்கம்தான். எனக்கு வேண்டியிருந்தது அந்த இரும்பும், அந்த இரும்பில் ஒருத்தன் காட்டிய ஒழுங்கும்.

ஒன்று இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று. இரண்டாவது மதுரையில் ஒரு துப்பாக்கிக் கடையில் கிடைத்தது. மூன்றாவதும் ஒரு மவுசர், இப்போது ஸ்டேஷனில் மாட்டியிருப்பது அதுதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெரிய வீட்டுக்காரர் இறந்துபோக, வெளிநாட்டில் இருந்த அவருடைய பிள்ளைகள் தங்களுக்கு வேண்டாம் என்று விற்க முன்வந்தார்கள். காகிதம் எல்லாம் சரியாகத்தான் முடித்தேன். வீட்டில் சொல்லத்தான் பயம். புரட்டாசி சனிக்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் இருக்கிற திருவண்ணாமலைக்குப் போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு வருகிறோம் என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டு உன்னையும் கூட்டிக்கொண்டு வாடகைக் காரில் போனேன். உனக்கு அப்போது பத்து வயது. மலைப் பக்கமே போகாமல் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு திரும்பினோம். வாசலில் உன் அம்மா, கோயில் துளசி எங்கே என்று கேட்டாள். நீ, கண்ணை இமைக்காமல், "கூட்டம்மா, உள்ளயே போக முடியல" என்று சொன்னாய். அன்றைக்கு நான் உன்னைக் கண்டித்திருக்க வேண்டும். உள்ளே கூட்டிப்போய் உன் தலையைத் தடவிக்கொடுத்தேன். எவ்வளவு சாமர்த்தியம் என்று வேலுச்சாமியிடம் பெருமையாக வேறு சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. போன வெள்ளிக்கிழமை போனில் உன் குரலைக் கேட்டபோது எனக்கு அந்தச் சனிக்கிழமைதான் ஞாபகம் வந்தது.

வேலுச்சாமி யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போனில் நீ அவன் பேரைச் சொல்லவே இல்லை. "அந்த விஷயம்" என்றாய். நான் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசராக இருந்த காலம் முழுக்க என் கீழே ஃபிட்டராக இருந்தவன். நீ மாமா என்று கூப்பிடுகிறவன். ஓட்டத் தேர்வுக்காக நீ தயாரானபோது, முட்டிவலிக்காரனான என்னால் கூட வர முடியாதென்று, தினமும் விடிகாலையில் தன் டிவிஎஸ்ஸில் உன் பக்கத்திலேயே மெதுவாக வந்தானே, ஸ்டாப் வாட்சைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அவன். நீ ஒரு வினாடி குறைத்து ஓடினால் அன்றைக்கு மில்லில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுப்பான் என்று எனக்கே பிறகுதான் தெரிந்தது.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். எட்டு வருஷத்துக்கு முன், ஆயுத பூஜைக்கு முந்தின நாள். பூஜை முடிந்த வாரம் மதுரையிலிருந்து ஒரு ஓய்வுபெற்ற டாக்டர், பழைய துப்பாக்கிகளைச் சேர்ப்பவர், என் மூன்றையும் பார்க்க வருவதாக இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் துப்பாக்கியின் நெற்றியில், அதாவது நம்பர் இருக்கும் இடத்தைச் சுற்றி, புள்ளி புள்ளியாகத் துரு. பழைய ஆயுதத்தில் துரு இருந்தால் எண்ணெய் விட்டு, துணியால், நாள் கணக்காகத் துடைக்க வேண்டும், சக்கரத்தில் காட்டவே கூடாது என்று உனக்கே நான் நூறு தடவை பாடம் நடத்தியிருக்கிறேன். இந்தச் சேர்க்கிற பைத்தியம் பிடித்தவர்களுக்கு அது அரிச்சுவடி. ஆனால் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மில் ஒர்க்‌ஷாப் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். எல்லா மிஷினும் நின்றிருக்கும், ஸ்பேனர், வைஸ், சுத்தியல் எல்லாம் பளபளவென்று ஆகிச் சந்தனப் பொட்டுக்குக் காத்திருக்கும், பாலிஷ் போடுகிற எமரிச் சக்கரம் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும். நானும் என் ஆயுதத்தைக் கொண்டுபோனேன். சாமி முன்னால் அது மட்டும் மங்கலாக இருப்பதா என்று ஒரு வீம்பு. டாக்டரிடம் காட்டிப் பெருமைப்படுகிற ஆசையும் இருந்தது. வேலுச்சாமி அப்போதே சொன்னான்.

"சக்கரம் வேண்டாம் அய்யா. எண்ணெயப் போட்டு வைங்க, நான் ஒரு வாரத்துல கையாலயே எடுத்துத் தாரேன்."

உன் வேலையைப் பார் என்றேன். நானே பிடித்தேன், பாப்பா. என் இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினேன். துரு போயிற்று, இரும்பு வெள்ளி மாதிரி வந்தது, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அழுத்திக்கொண்டே இருந்தேன். தூக்கிப் பார்த்தால் அதில் என் முகம் தெரிந்தது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. வேலுச்சாமி பக்கத்தில் வந்து குனிந்து பார்த்துவிட்டு, "அய்யா, நம்பர்" என்றான். நம்பர் இல்லை.

நம்பர் இல்லாத துப்பாக்கியை வைத்திருப்பது எவ்வளவு பெரிய குற்றம் என்று இப்போது நீ பரீட்சைக்குப் படித்திருப்பாய். எனக்கு அன்றைக்கே தெரியும். மறுநாளே ஸ்டேஷனுக்குப் போய், சுத்தம் செய்யும்போது இப்படி ஆகிவிட்டது என்று எழுதிக் கொடுத்திருந்தால் திட்டியிருப்பார்கள், துப்பாக்கியை வாங்கி வைத்திருப்பார்கள். அவ்வளவோடு போயிருக்கும். அந்தத் துப்பாக்கி போய்விடுமே என்கிற ஒரே பயம் எனக்கு. அப்போது உன் வேலை எதுவும் கணக்கில் இல்லை, யாரையும் காப்பாற்ற வேண்டிய அவசியமும் இல்லை. ஒரு இரும்புக்காகத்தான் செய்தேன். பல்சக்கரங்களில் எண் குத்துவதற்கு ஒர்க்‌ஷாப்பில் இருந்த பஞ்ச் செட்டை எடுத்து வேலுச்சாமி கையில் கொடுத்து, லைசென்ஸ் புத்தகத்தில் இருந்த நம்பரை அதே இடத்தில் குத்தச் சொன்னேன். இது தப்பு அய்யா, கை ஓடமாட்டேங்குது என்றான். "நான் சொல்றேன்லா, அடி" என்றேன். அவன் சூப்பர்வைசர் நான். அடித்தான்.

பூஜையன்று நீ லென்ஸை எடுத்துக்கொண்டு வழக்கம்போல ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாய். மூன்றாவதில் நின்றாய். "நம்பர் புதுசா இருக்கேப்பா" என்றாய். வெளிச்சம் அப்படி என்றேன். நீ என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு லென்ஸைக் கீழே வைத்தாய். அதற்குப் பிறகு அந்தத் துப்பாக்கியை நீ தொடவே இல்லை. பதினாறு வயதில் உனக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று எனக்கும் புரிந்தது. நாம் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல் எட்டு வருஷம் இருந்துவிட்டோம். டாக்டர் வந்து பார்த்ததும் பளபளப்பைக் கண்டு முகம் சுளித்து, "கெடுத்து வச்சிருக்கீங்களே" என்று சொல்லிவிட்டு மற்ற இரண்டை மட்டும் பார்த்துவிட்டுப் போனார். யாரிடம் பெருமை வாங்க அதைச் செய்தேனோ அவரிடமிருந்து கிடைத்தது அதுதான்.

பிறகு ஒருத்தர் மூன்று வைத்திருக்கலாம் என்ற சட்டம் இரண்டு என்று மாறியது. உன் அம்மா அந்தச் சட்டத்துக்குச் சூடம் காட்டாத குறை. எதை விடுவது என்று வந்தபோது நான் பெரியப்பாவின் துப்பாக்கியை விட்டேன். உனக்கு அது ஆச்சரியமாக இருந்தது, கேட்கவும் கேட்டாய். ஸ்ரீவில்லிபுத்தூர் துப்பாக்கியை வேறொருவர் கைக்கு மாற்றினால் நம்பரைப் பார்ப்பார்கள் என்ற பயம்தான். ஒரு கள்ளத்தனத்தைக் காப்பாற்ற நல்லதை விற்றேன்.

ஒவ்வொரு தேர்தலுக்கும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்து, தேர்தல் முடிந்ததும் வாங்கிவருவது வழக்கம். இத்தனை வருஷமாக ரைட்டர் என் புத்தகத்தைப் பார்த்து நம்பரை எழுதிக்கொண்டு ரசீது கொடுத்துவிடுவார். இந்தத் தடவை புது இன்ஸ்பெக்டர். போதாததற்கு, மலையில் ஒரு மிளா மானை யாரோ ரைஃபிளால் சுட்ட வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. அதனால் ஒப்படைக்கிற ஒவ்வொரு ரைஃபிளையும் பார்க்க ஆயுதப்படையிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்திருந்தார்கள். புதன்கிழமை காலை, இரண்டு துப்பாக்கியையும் தூக்க எனக்கு முடியாதென்று வேலுச்சாமிதான் தோளில் போட்டுக்கொண்டு கூட வந்தான். அந்த மெக்கானிக் ஐம்பது வயதுக்காரர், நிதானமானவர். என்னை மாதிரியே லென்ஸ் வைத்திருந்தார். முதல் துப்பாக்கியைப் பார்த்துத் தலையாட்டினார். இரண்டாவதில் நம்பர் மேல் நகத்தால் ஒரு தடவை வருடினார். இந்த எண்ணுடைய விளிம்பு இன்னும் தேயவில்லையே, இந்தக் கம்பெனிக்காரன் ஏழு என்ற எண்ணை இப்படிப் போடமாட்டானே என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னார். சொல்லும்போது அவர் குரலில் ஒரு வருத்தம் இருந்தது. அவரும் இந்த இரும்பைத் தெரிந்தவர்.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். இது யார் செய்தது என்று கேட்டார். நான் சொல்வதற்கு நேரம் இருந்தது, பாப்பா. நேரமே கொடுக்கவில்லை என்று உன்னிடம் போனில் சொன்னேனே, அது பொய். மேலே ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உன் ஃபைல் இதே ஸ்டேஷனுக்குத்தானே விசாரணைக்கு வரும் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அந்த நேரத்தில் வேலுச்சாமி ஒரு எட்டு முன்னால் வைத்தான்.

"நாந்தான் சார். தொடச்சுக் குடுன்னு அய்யா நம்பிக் குடுத்தாக. சக்கரத்துல காட்டிப்போட்டேன், நம்பர் போயிருச்சு. பயந்துபோயி நானே குத்திட்டேன். அய்யாவுக்கு ஒண்ணும் தெரியாது."

உங்களுக்குத் தெரியுமா என்று இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்டார். தெரியாது என்றேன். அந்த ஒரு சொல்தான். நான் நாற்பது வருஷம் மில்லில் யாரிடமும் தலைகுனிந்து நின்றதில்லை என்று உன்னிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு வேலுச்சாமியின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு அந்தச் சொல்லைச் சொன்னேன்.

வெளியே வந்ததும் அவனை ஒரு மரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போய், கிறுக்குப் பயலே, உனக்கு யார் சொன்னது என்று கத்தினேன். ஊரெல்லாம் என் கோபத்துக்குப் பயப்படும், அவன் மட்டும் பயப்பட்டதே இல்லை.

"செத்த சும்மா இருங்க அய்யா. பாப்பாவுக்கு ஆர்டர் வரட்டும், பொறவு பாத்துக்கிடலாம். எம்புட்டு ஓடிருக்கு அந்தப் பிள்ள. எனக்கென்ன, ரெண்டு நாள் கூப்பிட்டு உக்கார வப்பாக, உக்காந்துட்டு வாரேன்."

அவன் நினைத்தது அவ்வளவுதான். நானும் அப்படித்தான் நம்பினேன், நம்ப எனக்கு வசதியாக இருந்தது. ஆனால் மில்லில் செய்தி போய்விட்டது. மில்லின் பஞ்ச் செட்டை எடுத்துத் துப்பாக்கியில் நம்பர் குத்தினேன் என்று அவனே வாக்குமூலம் கொடுத்துவிட்டானே, விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வியாழனும் வெள்ளியும் காலையில் ஸ்டேஷனுக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பினான். வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் நான் உனக்குப் போன் செய்தேன். நான் என்ன எதிர்பார்த்துக் கூப்பிட்டேன் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். "போய்ச் சொல்லிருங்கப்பா" என்று நீ சொல்வாய் என்றா, "சொல்லாதீங்க" என்று சொல்வாய் என்றா? இரண்டாவதைத்தான் எதிர்பார்த்தேன் என்று நினைக்கிறேன். நீ சொன்னதும் எனக்கு உடம்பில் ஒரு பாரம் இறங்கியது. பாரத்தை உன் தலையில் இறக்கினேன். இருபத்து நாலு வயதுப் பிள்ளையிடம், இரண்டு தடவை தோற்று மூன்றாவது தடவை பாஸாகி வாசலில் நிற்கிறவளிடம், போய் யோசனை கேட்டேன் பார். அதனால் அந்தப் போனுக்காக உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. உன் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். கேட்டது என் தப்பு.

நேற்று மத்தியானம் முத்துலட்சுமி வந்தாள். வேலுச்சாமியின் பெண்சாதி, காஸ் துணி மடிக்கிற வேலையில் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற பேண்டேஜ் எல்லாம் அவள் கை பட்டுத்தான் போகிறது, விரலெல்லாம் வெடித்திருக்கும், பார்த்திருப்பாய். சண்டை போடத்தான் வந்திருக்கிறாள் என்று நான் உள்ளே எழுந்து போகப் பார்த்தேன். சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அய்யா ஆசை ஆசையா வச்சிருந்ததக் கெடுத்துப்போட்டாக. எனக்கே வெக்கமா இருக்கு. மன்னிச்சுக்கிடுங்க அய்யா. நீங்க ஒரு வார்த்த சொன்னா விட்டுருவாகளா?"

அவன் அவளிடமும் சொல்லவில்லை, பாப்பா. கட்டின பெண்டாட்டியிடமும் தான் செய்ததாகவே சொல்லியிருக்கிறான். அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்கிறாள், நான் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உன் அம்மா அவளுக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தாள். அவள் போனதும் என் முன்னால் வந்து நின்று, என்ன நடந்தது, இப்பவே சொல்லுங்க என்றாள். முப்பது வருஷத்தில் நான் அவளிடம் எதையாவது ஒளிக்காமல் இருந்ததில்லை, அவள் ஒன்றையாவது கண்டுபிடிக்காமல் இருந்ததில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். துளசி கொண்டுவராத சனிக்கிழமையையும் சேர்த்தே சொன்னேன். அவள் கத்தவில்லை, வழக்கம்போலத் துப்பாக்கிகளை வையவும் இல்லை. "அவளுக்கு இன்னொரு வாட்டி என்னால காபி குடுக்க முடியாது, பாத்துக்கிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் தெரிந்த வக்கீல் ஒருவரைப் பார்த்தேன். அவர் விசாரித்துச் சொன்னதுதான் என்னை உலுக்கியது. அழிந்த நம்பரை அவர்கள் வேறு மாதிரிப் பார்க்கிறார்கள். உண்மையான துப்பாக்கியை எங்கேயோ கைமாற்றிவிட்டு, நம்பர் குத்திய வேறொன்றை இங்கே வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகம். மலையில் மிளாவைச் சுட்டது அந்தக் காணாமல் போன ரைஃபிள்தானோ என்று சந்தேகம். வேலுச்சாமியின் மச்சினன் வீடு அடிவாரத்தில் இருக்கிறது, அது போதுமே. உண்மைத் துப்பாக்கி எங்கே என்று அவனைக் கேட்டால், இதுதான் அது என்பதைத் தவிர அவனிடம் வேறு பதில் இல்லை. திங்கட்கிழமை அவனைக் கைது செய்து ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குக் கொண்டுபோவார்கள், காட்டு வழக்கிலும் சேர்த்தால் ஜாமீன் லேசில் கிடைக்காது என்றார் வக்கீல். இரண்டு நாள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருகிற சமாச்சாரம் இல்லை இது.

மற்ற பாகங்களில் இருக்கிற கடைசி இரண்டு எண் நூற்றில் ஒரு துப்பாக்கிக்குப் பொருந்தும், அது சாட்சி ஆகாது. இதுதான் அந்தத் துப்பாக்கி என்று நிரூபிக்க ஒரே ஒரு வழி உண்டு, அது என்னிடம் இருக்கிறது. என் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு போல்டர் வைத்திருப்பேனே. வாங்கிய அன்றைக்கு எடுத்த படத்தில் பழைய நம்பர் தெளிவாக இருக்கிறது, பக்கத்தில் குழாயில் ஒரு சின்னப் பள்ளம், கீழே மரத்தில் ஒரு கணு. பாலிஷ் போட்ட மறுவாரம் எடுத்த படத்தில் அதே பள்ளம், அதே கணு, புது நம்பர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அந்த மெக்கானிக் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார். வேலுச்சாமி மலை வழக்கிலிருந்து வெளியே வந்துவிடுவான். கூடவே எனக்கு எட்டு வருஷமாகத் தெரியும் என்பதும் வெளியே வந்துவிடும். முதல் படத்தில் நம்பருக்குப் பக்கத்தில் ஸ்கேல் பிடித்திருப்பது உன் விரல். நகத்தில் மருதாணி இருக்கிறது. அதை வெட்டிவிடலாமா என்று காலையில் ஒரு மணி நேரம் யோசித்தேன். வெட்டவில்லை. இனி எதையும் அழிக்கிற எண்ணம் இல்லை.

உனக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். அப்பன் மேல் வழக்கு இருந்தால் மகளுக்கு வேலை கிடைக்காது என்று சட்டம் இல்லை, ஆனால் ஆர்டரைத் தள்ளிப்போடலாம், கேள்வி கேட்கலாம், கோர்ட் படி ஏறவும் வேண்டியிருக்கலாம் என்றார் வக்கீல். ஒன்றும் ஆகாது என்று உன்னிடம் சொல்ல எனக்கு ஆசையாக இருக்கிறது. தெரியாது என்பதுதான் உண்மை. நீ ஓடிய ஓட்டம் எல்லாம் வீணாகிப் போகலாம். என்னைத் திட்டு, பேசாமல் இரு, தீபாவளிக்கு வராதே, எதற்கும் நான் ஏன் என்று கேட்கமாட்டேன். உன்னை விசாரிக்க வந்தால் மட்டும் ஒன்று செய். பதினாறு வயதில் லென்ஸில் பார்த்ததையும், அப்பாவைக் கேட்டதையும், அப்பா பொய் சொன்னதையும் அப்படியே சொல்லிவிடு. எனக்காக இன்னொரு தடவை கூட்டம் என்று சொல்லாதே. அந்தச் சாமர்த்தியத்தை நான்தான் உனக்குப் பழக்கினேன், நான்தான் அதைத் திரும்ப எடுக்கவும் வேண்டும்.

துப்பாக்கிகள் இனி வராது. இரண்டுமே வராது என்று வக்கீல் சொன்னார். நேற்று அதைக் கேட்டபோது எனக்கு வலிக்கும் என்று நினைத்தேன். அலமாரியைத் திறந்து பார்த்தேன், எண்ணெய்க் குப்பியும் துணியும் மட்டும் இருந்தன. மூடிவிட்டேன். அந்த இரும்பைச் செய்தவன் ஒரு திருகாணியைக்கூட யாருடையது என்று தெரியாமல் விட்டதில்லை என்றுதானே அதன்மேல் ஆசைப்பட்டேன். என்னுடைய வேலையை வேலுச்சாமியுடையது என்று நானே ஒப்புக்கொண்ட பிறகு அதை வைத்துத் துடைக்க எனக்கு என்ன யோக்கியதை?

கடவுள் புண்ணியத்தில் வேலை கிடைத்து, என்றைக்காவது நீ ஒரு ஸ்டேஷனில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது, வேலுச்சாமி மாதிரி ஒருத்தன் வந்து நான்தான் செய்தேன் என்று முந்திக்கொண்டு சொல்வான். எழுதிக்கொள்வதற்கு முன்னால் அவனுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார். அந்த ஆள் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டு நின்றால் அவனை விடாதே.

கூரியர் ஆபீஸ் இன்று பூட்டியிருக்கும். நாளைக் காலை ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் இதைப் போட்டுவிட்டுப் போகிறேன், செவ்வாய்க்கிழமைதான் உன் கைக்குக் கிடைக்கும். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும், அப்படி முடியட்டும் என்றுதான் போனில் சொல்லாமல் எழுதுகிறேன். கிளம்பும்போது என் போனை அணைத்து உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போவேன். கூப்பிட்டுப் பார்த்து எடுக்கவில்லையே என்று தவிக்காதே. நீ கூப்பிட்டு ஒரு தடவை அப்பா என்று சொல்லிவிட்டால், நான் பாதி வழியிலேயே திரும்பி வந்துவிடுவேன்.

அப்பா